பாராசூட்டா, பாடமா?

போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு என் அக்கா போன் செய்தாள். அக்கா பத்தரை மணிக்குப் போன் செய்தால் இரண்டில் ஒன்று. யாராவது போய்விட்டார்கள், அல்லது அவள் பையன் ஏதாவது செய்துவிட்டான்.

"டேய் தம்பி, இவன் ஏதோ குடை வாங்கப் போறானாம்டா."

"வாங்கட்டுமே அக்கா. மழைக்காலம் வருது."

"மூணு லட்சத்து இருபதாயிரமாம்."

தூக்கம் போய்விட்டது. அந்த விலைக்குக் குடை வாங்குகிறவன் மழைக்காக வாங்கவில்லை என்பது மட்டும் புரிந்தது. விசாரித்தால் விஷயம் பாராசூட். பயல் போன வருஷம் ஆபீஸ் டிரெயினிங் என்று வீட்டில் சொல்லிவிட்டு தாய்லாந்தின் பட்டாயாவுக்குப் போயிருக்கிறான். டிரெயினிங் என்பது உண்மைதான். ஆபீஸுக்கும் அதற்கும்தான் சம்பந்தமில்லை. விமானத்திலிருந்து குதிக்கக் கற்றுக்கொள்ளும் டிரெயினிங். இதுவரை பதினாலு தடவை குதித்திருக்கிறான். அக்காவுக்கு விஷயம் தெரிந்தது பதினைந்தாவதுக்கு முன்னால்.

"நீ போய்ப் பேசு. நீ சொன்னா கேப்பான்" என்றாள்.

நான் சொன்னால் யாரும் கேட்டதாக எங்கள் வீட்டில் சரித்திரம் இல்லை. இருந்தாலும் மாமன் என்று ஒரு பதவி இருக்கிறதே. மறுநாள் அவனுக்குப் போன் போட்டேன். "சனிக்கிழமை ஜவ்வாது மலைக்கு வண்டியில போறேன் மாமா, வரீங்களா? பேசிக்கிட்டே போலாம்" என்றான். மலை, வண்டி, இருபத்தேழு வயசுப் பையன் ஓட்ட ஐம்பத்தெட்டு வயசு மாமா பின்னால். அவனைத் திருத்தப் போனவன் உயிரைப் பணயம் வைத்ததுதான் மிச்சம்.

வாணியம்பாடியில் டீ. ஆலங்காயம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் வண்டியை ஓரங்கட்டி, செல்போனில் படம் காட்டினான். பார்ப்பதற்கு ஸ்கூல் பை மாதிரி ஒன்று.

"இதுக்குள்ள என்னடா இருக்கு, மூணு லட்சத்துக்கு?"

சொன்னான். எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்கும் சொல்கிறேன். அந்தப் பைக்குள் இரண்டு பாராசூட் இருக்கும். ஒன்று வழக்கமாக விரிவது. இன்னொன்று முதலாவது காலை வாரினால் விரிக்க வேண்டிய ரிசர்வ். மூன்றாவதாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர். குதித்தவன் மயங்கிவிட்டாலோ, கீழே இருக்கும் அழகைப் பார்த்துத் தன்னை மறந்துவிட்டாலோ அதுவே ரிசர்வை விரித்துவிடும். 'சைப்ரஸ்' என்ற பெயரில் ஜெர்மனிக்காரர் ஹெல்முட் குளோத் 1991-ல் கொண்டுவந்தது பிரபலம். தரையிலிருந்து சுமார் 225 மீட்டர் உயரத்தில், அப்போதும் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், ஆசாமி இன்னும் எதையும் இழுக்கவில்லை என்று முடிவு செய்து வேலையைக் காட்டும். வயிறு கீழே பார்க்க விழுகிறவனின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர். அந்த உயரத்திலிருந்து தரைக்கு நாலே விநாடி.

"நாலு விநாடியா!" என்றேன்.

"அதான் மாமா, நல்ல செட் வேணும்ங்கறேன்."

பயல் என்னையே சாட்சியாக்கிவிட்டான்.

அவனிடம் இருப்பது மூன்றரை லட்சம். இரண்டு வருஷச் சேமிப்பு. வழி இரண்டு. ஒன்று, யாரோ ஒருவர் விற்கும் இந்தப் பழைய செட்டை வாங்குவது. புதுசு இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். இன்னொன்று, அதே பணத்தில் ஒரு கோச்சிடம் போய் இன்னும் முப்பது, நாற்பது குதிப்பு, நடுவில் காற்றுச் சுரங்கத்தில் பயிற்சி. செட் வாங்கினால் கையில் பொருள் இருக்கும். பாடம் கற்றால் பணமும் போகும், கையிலும் ஒன்றும் இருக்காது. இது அவன் கணக்கு.

நியாயமான பக்கமும் அவனிடம் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. "வாடகைக்கு எடுத்தா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு செட் மாமா. ஆபத்துல இழுக்கற கைப்பிடி தொட்டுப் பழகின இடத்துலயே இருக்கணும். அதோட குதிக்கறப்பல்லாம் வாடகை. சொந்தமா இருந்தா மிச்சம்தானே?" வாடகை வீட்டுக்காரனுக்கும் சொந்த வீட்டுக்காரனுக்கும் முப்பது வருஷமாக நடக்கும் அதே விவாதம். பதில் சொல்லத் தெரியாமல், "வண்டியை எடு" என்றேன்.

காவலூரில் நிறுத்தினோம். நாங்கள் போனது உள்ளே விடும் நேரமில்லை. மரங்களுக்கு மேலே எட்டிப் பார்க்கும் கூடத்தை வெளியிலிருந்தே பார்த்தோம். வைணு பாப்பு வானாய்வகம். உள்ளே இருப்பது 2.34 மீட்டர் தொலைநோக்கி. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டியது. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

எனக்குப் பிடித்தது அந்தப் பெரிய தொலைநோக்கி அல்ல, அதற்கு முந்தைய கதை. பாப்பு 1949-லேயே ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, அதில் தன் பெயரும் சேரும்படி செய்தவர். அப்பேர்ப்பட்டவர் இருட்டான, தெளிவான வானம் தேடி இந்த மலையைப் பிடித்தார். பிடித்ததும் பெரிய தொலைநோக்கி வந்தால்தான் வேலை என்று உட்காரவில்லை. கொடைக்கானல் ஆய்வகத்தின் பின்கட்டில் செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியை வைத்து 1968-ல் வேலையை ஆரம்பித்தார். நம் வீட்டுப் பெரிய தாம்பாளம் அளவுதான். அப்புறம் 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போனபோது, மறைப்பதற்கு முன்பே அந்த நட்சத்திரம் மினுக்கியதை இங்கே பதிவு செய்தார்கள். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது அந்த ராத்திரியில்தான்.

பாப்பு 1982-ல் காலமானார். தான் கனவு கண்ட பெரிய தொலைநோக்கி வேலை செய்வதை அவர் பார்க்கவில்லை. ஆனால் அது வந்தபோது அதைக் கையாளத் தெரிந்தவர்கள் தயாராக இருந்தார்கள். 38 சென்டிமீட்டரிலும் ஒரு மீட்டரிலும் ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்துப் பழகியவர்கள்.

"புரியுது மாமா. முதல்ல சின்னது, அப்புறம் பெரிசுங்கறீங்க. நானும் அதான் சொல்றேன். இதுவும் சின்னதுதான்" என்றான்.

"எவ்வளவு சின்னது?"

"135 சதுர அடி."

அங்கேதான் பூனை வெளியே வந்தது. இந்த விளையாட்டில் ஒரு எளிய வகுத்தல் கணக்கு உண்டாம். மூட்டை முடிச்சோடு உங்கள் எடையைப் பவுண்டில் எடுத்து, பாராசூட்டின் சதுர அடியால் வகுக்க வேண்டும். பயல் 70 கிலோ. செட்டோடு 82. அதாவது 180 பவுண்டு. 180 சதுர அடித் துணி என்றால் விடை ஒன்று. கற்றுக்கொள்கிறவனுக்கு ஒன்றுக்குள் இருப்பதே நல்லது. 135 என்றால் விடை 1.33. துணி சின்னதாக ஆக வேகம் கூடும், திருப்பம் சடாரென்று இருக்கும், சின்னத் தப்புக்கும் பெரிய தண்டனை.

"ஏன்டா, நீ ஸ்கூல் போறப்ப உங்கம்மா யூனிஃபார்ம் எப்படித் தைப்பா?"

"வளர்ற பையன்னு ரெண்டு சைஸ் பெரிசா."

"இப்ப நீ வளரப்போறேன்னு ரெண்டு சைஸ் சின்னதா வாங்கறியே!"

சிரித்தான். "சீக்கிரம் தேறிடுவேன் மாமா. பெரிசா வாங்கினா ஆறு மாசத்துல விக்கணும்."

எல்லோரும் இதைத்தான் சொல்வார்களாம். பாராசூட் விரியாமல் விழுந்து சாவதுதான் இதில் ஆபத்து என்று நானும் அக்காவும் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படியில்லை. அழகாக, முழுசாக விரிந்த பாராசூட்டின் கீழே, தரைக்கு அருகில் தப்பான நேரத்தில் தப்பாகத் திருப்பி இறங்குவதில்தான் கணிசமான பேர் அடிபடுகிறார்கள், உயிரும் விடுகிறார்கள். சாதனத்தில் குறையில்லை. இதைச் சொன்னது யாரோ அல்ல, அவனே. எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறான். தனக்கு மட்டும் பொருந்தாது என்று நினைக்கிறான். இருபத்தேழு வயதில் நானும் அப்படித்தான்.

பில் பூத் என்று ஒரு அமெரிக்கர். காலை வாரிய பாராசூட்டை ஒரே இழுப்பில் கழற்றிவிடும் மூன்று வளைய ஏற்பாட்டை 1970-களில் கண்டுபிடித்தவர். இன்று குதிக்கிற முக்கால்வாசிப் பேரின் தோளில் அவர் வளையம்தான். அவர் பெயரில் ஒரு விதி சொல்வார்கள். சாதனம் எவ்வளவுக்கு எவ்வளவு பாதுகாப்பாகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு மனுஷன் துணிந்து விஷப்பரீட்சை செய்வான், சாவுக் கணக்கு மாறாது என்று. சாதனம் விற்கிறவரே சொன்னது என்பதால் நம்பலாம்.

"ஷீத்தல் மகாஜன் என்ன மாமா பண்ணாங்க? பழக்கமே இல்லாம முதல் குதிப்பே வடதுருவத்துல!" என்றான்.

வாஸ்தவம். புனேக்காரப் பெண். 2004 ஏப்ரலில் அவர் வாழ்க்கையின் முதல் குதிப்பே வடதுருவத்தில். 2011-ல் பத்மஸ்ரீ. அதே பெண்மணி 2018-ல் பட்டாயாவில் ஒன்பது கஜப் புடவை கட்டிக்கொண்டு குதித்தார். மடிசார் கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறுவதற்கே நம் வீட்டுப் பெண்மணிகள் படும் பாட்டைப் பார்த்தவன் நான். "முதல் குதிப்புக்கும் புடவைக்கும் நடுவுல பதினாலு வருஷம்டா. அதுல நூத்துக்கணக்கான தடவை குதிச்சிருக்காங்க. முதல் நாளே புடவை கட்டலை" என்றேன். எனக்கே பரவாயில்லை என்று தோன்றிய ஒரே பதில் இதுதான்.

இந்த இடத்தில் நான் என் கதையைச் சொன்னேன். அக்காவுக்குக்கூட முழுசாகத் தெரியாத கதை.

1993. எனக்கு வேலை கிடைத்து மூன்றாவது வருஷம். பி.எஃப்.பில் லோன் போட்டு ஒரு ஜப்பான் கேமரா வாங்கினேன். செகண்ட்ஹேண்ட், ஒன்பதாயிரம். வாங்கிய இடத்தில் பக்கத்துக் கடைக்காரர், "தம்பி, ஞாயித்துக்கிழமைல ஸ்டூடியோல சொல்லித் தர்றாங்க, நாலு கிளாஸ், முன்னூறு ரூபா" என்றார். கேமராவுக்கு ஒன்பதாயிரம் கொடுத்தவன் முன்னூறு ரூபாய்க்கு யோசித்தேன். லென்ஸுக்கு ஒரு லெதர் கவர் முன்னூறு ரூபாய்க்கு இருந்தது. கவரை வாங்கினேன்.

அந்த வருஷம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். "பையன்தான் கேமரா வெச்சிருக்கானே, போட்டோகிராபர் எதுக்கு?" என்றார் அப்பா. பெருமையில் சொன்னதா, சிக்கனத்தில் சொன்னதா தெரியாது. இரண்டும் இருக்கும். முப்பத்தாறு படம் எடுத்தேன். மாலை மாற்றியது, கலச தீர்த்தம் ஊற்றியது, அம்மா வெட்கப்பட்டது, எல்லாம். கேமராவில் எண் ஒன்று, இரண்டு என்று ஒழுங்காக முப்பத்தாறு வரை ஓடியது.

கழுவினால் ஒரு படம் இல்லை. முழு ஃபிலிமும் வெற்று. ஃபிலிம் நுனி பல்சக்கரத்தில் சரியாக மாட்டவில்லை. எண் பாட்டுக்கு ஓடும், ஃபிலிம் நகராது. லீவரைத் தள்ளும்போது இடது பக்கக் குமிழ் சுழல்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். முதல் ஞாயிற்றுக்கிழமை முதல் பத்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

இரண்டு வருஷத்தில் அப்பா போய்விட்டார். எங்கள் கூடத்தில் மாலை போட்டுத் தொங்கும் படத்தை நீங்கள் பார்த்தால் அப்பா ஏன் அவ்வளவு முறைப்பாக இருக்கிறார் என்று நினைப்பீர்கள். ஆபீஸ் அடையாள அட்டைப் படத்தைப் பெரிசாக்கியது. அவர் சிரித்தது முப்பத்தாறு தடவை என் கேமரா முன்னால்தான். லெதர் கவர் மட்டும் இன்னும் புதுசு மாதிரி இருக்கிறது.

பயல் கொஞ்ச நேரம் பேசவில்லை. தாத்தாவை அவன் பார்த்ததில்லை. அந்தப் படத்தைத்தான் பார்த்திருக்கிறான்.

ஜமுனாமரத்தூரில் சாப்பிட்டுவிட்டு நடந்தோம். சாலையோரம் ஒரு பெரியவர் தேனும் சாமையும் விற்றுக்கொண்டிருந்தார். ஜவ்வாது மலையில் இரண்டுமே பேர்போனவை. ஒரு பாட்டில் தேன் வாங்கினேன். பயல் சும்மா இல்லாமல், "ஐயா, இந்த மலைக்கு மேலேர்ந்து ஆகாசத்துல குதிக்கிறவங்க யாராவது வருவாங்களா?" என்று விளக்கமாகக் கேட்டான். பெரியவர் முழுசும் கேட்டுக்கொண்டு, "கீழ வர்றதுக்கா சாமி இவ்ளோ காசு? எங்க ஊர்ல சும்மாவே விழறாங்க" என்றார்.

திரும்பும்போது ஒன்று ஞாபகம் வந்தது. நீலகிரிப் பக்கம் பாறைத்தேன் எடுப்பவர்களிடம் ஒரு வழக்கம் சொல்வார்கள். ஒருவன் கயிற்றில் தொங்கி இறங்கும்போது மேலே கயிற்றைக் காவல் காப்பவன் அவன் மைத்துனனாக இருப்பான். விட்டால் தாலி அறுவது தன் அக்கா அல்லது தங்கைக்கு. ஆகவே விடமாட்டான். அவர்கள் கயிற்றின் விலையை வைத்து நம்பிக்கை வைக்கவில்லை. கயிறு பிடிக்கத் தெரிந்தவனை வைத்துத்தான்.

பெலிக்ஸ் பாம்கார்ட்னர் கதையும் அதுதான். 2012 அக்டோபர் 14. சுமார் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். உலகத்திலேயே உயர்ந்த உடை, உயர்ந்த கூண்டு. ஆனால் அந்த உடைக்குள் அடைபட்டு உட்காரவே அவருக்கு மூச்சு முட்டியது. ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டார். ஒரு மனநல நிபுணர் உட்கார்ந்து பழக்கிய பிறகுதான் திரும்பினார். குதிக்கும் நாளில் காதில் ஒலித்த குரல் ஜோ கிட்டிங்கருடையது. 1960-ல் 31 கிலோமீட்டரிலிருந்து குதித்தவர், அன்றைக்கு வயது 84. கோடிக்கணக்கில் சாதனம் இருந்தும், அடுத்தது இதைச் செய், அதைச் செய் என்று சொல்ல ஒரு கிழவர் தேவைப்பட்டார்.

ராத்திரி தங்கிய இடத்தில் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டோம். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் முதல் லைசென்ஸுக்கு 25 குதிப்பு வேண்டும். 13,000 அடியில் குதித்து 5,000 அடியில் விரித்தால் விழும் நேரம் ஐம்பது விநாடிக்குள். இருபத்தைந்துக்கும் சேர்த்து இருபது நிமிஷம்! சைக்கிள் கற்க நமக்கு ஒரு வாரம் ஆனது. இவனுக்கு மொத்தமே இருபது நிமிஷம். காற்றுச் சுரங்கத்தில் கோச்சோடு அரை மணி நேரம் மிதந்தால் முப்பத்தைந்து குதிப்புக்கு மேல் பழகிய நேரம் கிடைக்கும். சிங்கப்பூரில் 2011-லிருந்து ஒன்று இருக்கிறது. ஆனால் அங்கே பாராசூட்டை இறக்கப் பழக முடியாது. அதற்குக் குதித்துத்தான் ஆக வேண்டும், கீழேயிருந்து ஒருவர் பார்த்துத் தப்புச் சொல்ல வேண்டும்.

செட் பக்கத்தில் மறைந்திருந்த செலவுகளையும் எழுதினோம். அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்கு ஆயுள் உண்டு. விற்பவருடையதில் பாக்கி ஒரு வருஷம். ரிசர்வை லைசென்ஸ் உள்ள ஆள் பிரித்து மடிக்க வேண்டும், அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒரு தடவை. எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவர் கைராசிக்காரர்தான், ஆனாலும் அவரிடம் கொடுக்க முடியாது. இத்தனைக்கும் மேல், வருஷத்துக்கு இரண்டு தடவை பட்டாயா போகிறவனுக்குச் செட் பத்து மாசம் அலமாரியில்தான் தொங்கும்.

"கைப்பிடி பழகின இடத்துல இருக்கணும்னு சொன்னியே, அது சரிதான். ஆனா எந்த சைஸ் உனக்குச் சரின்னு அம்பது, அறுபது தடவை குதிச்சப்புறம்தான் தெரியும். அப்ப வாங்கு. நானே பாதிப் பணம்..." என்று ஆரம்பித்து, சமாளித்து, "...கடனா தரேன்" என்று முடித்தேன்.

விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தோம். ஜவ்வாது மலையின் வானத்தை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். சென்னையில் நட்சத்திரம் என்பது சினிமாவில் மட்டும்தான். இங்கே இடம் இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பாப்பு இந்த மலையைப் பிடித்ததற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

"செட்டு வேணாம்னு சொல்லிடறேன் மாமா. உயரம் காட்டற கடிகாரமும் ஹெல்மெட்டும் மட்டும் வாங்கிக்கறேன். அது எந்த சைஸ் பாராசூட்டுக்கும் ஆகும்" என்றான்.

நியாயம். தலையும் மணியும் ஒவ்வொருவனுக்கும் சொந்தமாக இருக்க வேண்டியவைதான்.

ஆபீஸ் நண்பர்களே, உங்களில் முக்கால்வாசிப் பேர் விமானத்திலிருந்து குதிக்கப் போவதில்லை. மானேஜர் ரூமிலிருந்து குதித்தால் உண்டு. ஆனால் பரணில் உங்கள் கிடார் இருக்கிறது. துணி காயப்போட ஒரு டிரெட்மில் இருக்கிறது. ஈ.எம்.ஐ. முடிவதற்குள் தூசி படிந்த கேமரா இருக்கிறது. பொருளை வாங்கினால் கற்றுக்கொண்டுவிட்ட மாதிரியே ஒரு திருப்தி வருகிறது பாருங்கள், அதற்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம். அடுத்த தடவை கார்டை எடுக்கும் முன், பக்கத்தில் யாராவது முன்னூறு ரூபாய்க்கு நாலு ஞாயிற்றுக்கிழமை சொல்லித் தருகிறார்களா என்று விசாரியுங்கள்.

அக்காவுக்குப் போன் போட்டு, "குடை வாங்கலை" என்றேன். "என் தம்பின்னா தம்பிதான்" என்று உருகினாள். குதிப்பதை நிறுத்தவில்லை, இன்னும் நாற்பது தடவை குதிக்கப் போகிறான் என்ற பாக்கி விவரத்தை அவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். கயிறு பிடிப்பதிலும் ஒரு அளவு இருக்கிறதில்லையா?

கிளம்பும் முன் பயல் என்னை நிறுத்தி செல்போனில் ஒரு படம் எடுத்தான். "சிரிங்க மாமா."

"விழுந்துதாடா?" என்று கேட்டேன். காட்டினான். விழுந்திருந்தது.